சற்று அழுத்தித் தட்டுங்கள்

வாருங்கள் அம்மா. செருப்பைக் கழற்ற வேண்டாம். இது இன்னும் எங்கள் வீடு ஆகவில்லை. அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். அதற்கு நேர் மேலே உத்தரத்தில் ஒரு கறை இருக்கிறது. வெறும் கறைதான் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் இதில் உட்காருங்கள்.

தொலைபேசியில் உங்களோடு பேசிய மரகதவல்லி நான்தான். துறையூரில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் பேசிப் பேசி என் பேச்சு இப்படியே படிந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவர் உங்களுக்காக இளநீர் வாங்கப் போயிருக்கிறார். கடைத்தெரு தொலைவில் இல்லை. ஆனால் இது அவர் பிறந்த ஊர். வழியில் நான்கு பேராவது அவரை நிறுத்துவார்கள். அவர் திரும்புவதற்குள் நான் சிலவற்றைச் சொல்லி முடிக்க வேண்டும். சுத்தியலைப் பிறகு எடுக்கலாம்.

அந்தக் கிழக்குக் கதவைத் திறக்காதீர்கள். காற்று. வேறொன்றும் இல்லை, காற்றுதான்.

உங்களை ஏன் அழைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டை வாங்குகிறவர்கள் வாங்குவதற்கு முன்பே ஒரு பொறியாளரைக் கொண்டு ஆராய்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. துணிக்கடையில் ஒரு புடவைக்கே முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம், வீட்டுக்கு வேண்டாமா? காரைக்காலில் என் தங்கையின் சம்பந்தி வீட்டார் ஒரு மாடி வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். நீங்கள் வந்து அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, 'வாங்க வேண்டாம்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னீர்களாம். அவர்களுக்கு உங்கள் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. அந்தப் பொறியாளர் பெயர் ஜெசிந்தா என்று தங்கை சொன்ன அன்றே உங்கள் எண்ணை வாங்கிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பொறியாளர் கிடைப்பது அரிது அம்மா.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இன்னது சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நடுநிலையான ஆய்வு வேண்டும், அவ்வளவுதான். கிழக்கறையில் மட்டும் சற்று அழுத்தித் தட்டுங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்கே குழம்பிவிடும்.

கார்த்திகையில் அவருக்கு நெஞ்சில் சிறிதாக ஓர் அடைப்பு. சிறிதுதான். மருத்துவமனையில் சில நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கும் இந்த வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. காலத்தைக் குறிப்பதற்காகச் சொன்னேன். தை பிறந்ததும் ஒருநாள் காலையில் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "மரகதம், வைத்தியலிங்கம் வீடு வெலைக்கு வருதாம்" என்றார்.

"எந்த வைத்தியலிங்கம்?"

"எங்க ஊர்ல. கடலப் பாத்த வீடு. அவரு போயி ரெண்டு வருசம் ஆச்சு. பசங்கெல்லாம் சிங்கப்பூர்ல இருக்கானுங்க. யாருக்கும் வேணாமாம்."

"யாருக்கும் வேண்டாம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்."

"காரணம் இருக்கு. எனக்காகக் கெடக்கு" என்றார்.

இதுதான் அவர் வாதம். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் முப்பது ஆண்டு பேருந்து எந்திரத்தைப் பிரித்துக் கோத்தவர். ஒரு திருகாணி இடம் மாறியிருந்தால் கண்டுபிடித்துவிடுவார். வீடு என்று வந்ததும் காரணம் கேட்டால், எனக்காகக் கிடக்கிறது என்கிறார்.

நான் மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள் அம்மா. மலை நேற்று இருந்த இடத்திலேயே இன்றைக்கும் இருக்கும். அதை நம்பித் துணி உலர்த்தலாம். இது அப்படியா? கேட்கிறதா இல்லையா உங்களுக்கு, அந்தச் சத்தம்? கதவை அடைத்தாலும் கேட்கிறது. முதல்நாள் வந்தபோது, வீட்டுச் சாவியை வைத்திருக்கிற அடுத்த வீட்டு அஞ்சலாட்சியிடம், "இந்த ஓசை எப்போது நிற்கும்?" என்று கேட்டேன். அவள் மீன் விற்கிறவள். வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுக்கா பயப்படுறீங்க? நின்னாத்தான் டீச்சர் பயப்படணும். அது சத்தம் அடங்கி உள்வாங்குனா நான் சட்டி பானையக்கூட எடுக்க மாட்டேன், ஓடியே போயிருவேன்" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. கேட்டால் கேட்கிறதே என்று இருக்கிறது. இரண்டு அலைக்கு நடுவில் கொஞ்சம் கேட்காமல் போனால், ஏன் கேட்கவில்லை என்று இருக்கிறது.

பயம் என்று சொல்ல முடியாது. எச்சரிக்கை.

முதலில் செல்லக்கண்ணு என்ற மேஸ்திரியை அழைத்து வந்தேன். நான்தான் தேடிப் பிடித்தேன். அவர் சுவரெல்லாம் தட்டினார், மேலே ஏறினார், தரையில் காதை வைக்காத குறை. கடைசியில், "டீச்சரம்மா, இந்தக் கூடமும் ரெண்டு அறையும் அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கட்டடம். தேக்கு உத்தரம், செங்கத் தளம். உள்ள கம்பியே கெடையாது. கம்பி இருந்தாத்தான உப்புக்காத்து திங்கும்? கெழக்கறை மட்டும் பின்னால ஒட்டுப் போட்டது. கான்கிரீட்டு. அது தேறாது. இடிச்சுத் தள்ளிட்டு ஒரு கீத்துக் கொட்டாயப் போட்டு ஒக்காருங்க, ராஜா மாதிரி இருக்கலாம்" என்றார்.

"தேறாது என்றால்?"

அப்போதுதான் அவர் விளக்கினார். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் மெல்லப் போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்குமாம். துருப்பிடித்த கம்பி ஊதுமாம். உள்ளேயே இருந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊதுமாம். வெளியே ஒன்றும் தெரியாது. மேலுக்கு எல்லாம் நன்றாக இருக்கும். கேட்டால் எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சிரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் காலையில் கையில் தேநீரோடு அப்படியே சரிந்து...

சுவரைத்தான் சொல்கிறேன் அம்மா. தளத்தை.

அந்த அறையில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு விரிசல் ஓடுகிறது. அது வளர்கிறதா, பழைய விரிசலா என்று அறிய வேண்டும் அல்லவா? விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டச் சொன்னேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் அப்படியே இருக்கும். செல்லக்கண்ணு கையில் வேறு கண்ணாடி இல்லாமல், உடைந்துபோன முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு துண்டை எடுத்து ஒட்டிவிட்டார். பதினைந்து நாள் கழித்து வந்து அந்த அறையின் வாசற்படியில் நின்று எட்டிப் பார்க்கிறேன், கண்ணாடி நடுவில் உடைந்திருக்கிறது! அஞ்சலாட்சியைக் கூப்பிட்டேன்.

"ஐய, அதுவா? அது எங் கெடா பண்ணுன வேலை டீச்சர். கண்ணாடியில தம் மூஞ்சப் பாத்துட்டு வேற கெடா வந்துருச்சுன்னு முட்டிப்புடுச்சு."

"முட்டியதை நீ கண்ணால் பார்த்தாயா?"

"நான் எங்க பாத்தேன்? நெத்தியில ரத்தத்தோட வந்து நின்னுச்சு."

"அது வேறெங்காவது முட்டியிருக்கலாம் அல்லவா?"

"வேணும்னா கெடாவக் கூட்டியாரேன், நீங்களே நிக்க வெச்சு விசாரிங்க" என்றாள். என் கணவர் அங்கேயே சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படிச் சிரிக்கக் கூடாது. மருத்துவர் எதையும் அளவோடு செய்யச் சொல்லியிருக்கிறார்.

பிறகு சாதாரணக் கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினோம். அது இன்று வரை உடையவில்லை. இரண்டாவது உடையாததால் முதலாவது உடைந்தது இல்லையென்று ஆகிவிடுமா? நீங்களே சொல்லுங்கள். அதைத்தான் உங்களிடம் கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

செல்லக்கண்ணு படித்தவர் இல்லை. அவர் சொன்னதை வைத்து முடிவு செய்ய முடியாது என்று சொல்லி, திருச்சியிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை வரவழைத்தேன். அரங்கநாதன் என்று பெயர். பாலமெல்லாம் கட்டியவர். அவரோடு நில அளவையரும் வந்தார். மனையின் மூலைக் கற்களில் மூன்றைக் கண்டுபிடித்தார்கள். நான்காவது, வடகிழக்குக் கல், கடல் பக்கம் இருக்கிறது. படகுக்காரர்கள் அதில் கயிறு கட்டுகிறார்களாம். அவர்கள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. எனக்கு இங்கே வேலை இருந்தது. சன்னல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அரங்கநாதன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து, இதோ நீங்கள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து, "மேடம், கவலையே படாதீங்க. கிழக்கறையை எடுத்துட்டா போதும். மெயின் வீடு உங்க காலத்துக்குத் தாங்கும்" என்றார்.

"எங்கள் காலம் என்றால்?"

"உங்க ரெண்டு பேர் காலத்துக்கும்."

"இருவர் காலமும் ஒன்றாகவே முடியும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?"

அவர் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். நான் வேடிக்கையாகக் கேட்கவில்லை அம்மா. கட்டடத்தின் ஆயுளைக் குறிப்பிட வேண்டும் என்றால் யாருடைய காலம் என்று திட்டமாகச் சொல்ல வேண்டாமா? ஒருவர் காலம் முடிந்த பிறகு, மற்றவர் இந்தக் கூடத்தில், இந்த நாற்காலியில், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஐப்பசியில் அது படியேறி வருகிறதா இல்லையா என்று... அவருக்கு அது புரியவில்லை. பாலம் கட்டியவர், பாலத்தில் யாரும் தனியாகக் குடியிருப்பதில்லை.

ஆக, அவரும் சரியில்லை.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் நாங்கள் பேசியது சாப்பாடு, மாத்திரை, அவ்வளவுதான். ஒருநாள் அவராகவே, "மேஸ்திரி சொன்னாலும் நம்ப மாட்டேங்கற, எஞ்சினியர் சொன்னாலும் நம்ப மாட்டேங்கற. எங்க எல்லையம்மன்கிட்டயே கேட்டுருவோம். வெள்ளப்பூ வந்தா வாங்கறோம். செவப்பு வந்தா இந்தப் பேச்ச வுட்டுடறேன்" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்திலும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பது வேறு. உத்தரத்தின் உறுதி பூவுக்குத் தெரியுமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சிவப்பு வருவதற்கும் சரிபாதி வாய்ப்பு இருக்கிறது அல்லவா? ஒப்புக்கொண்டேன்.

கோவிலுக்குப் போனோம். அவர்தான் வாழையிலைத் துண்டில் நந்தியாவட்டையை வைத்து ஒரு பொட்டலம், செம்பருத்தியை வைத்து ஒரு பொட்டலம் என்று மடித்து நாரால் கட்டினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டினார். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் போட்டுவிட்டு, "நீங்களே எடுங்கம்மா" என்றார். என் கை நடுங்கியது. வெயிலில் நின்றதால் இருக்கலாம். எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

இவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, குழந்தையைப் போலச் சுற்றுப் பிராகாரத்துக்குக் கிளம்பிவிட்டார். பூசாரி உள்ளே போனார். மற்றப் பொட்டலம் அங்கேயே கிடந்தது. அதைப் பிரிக்கக் கூடாது என்பது முறை. எனக்கும் தெரியும். ஆனால் எதையும் சரிபார்த்தே பழகிய கை அம்மா இது. பிரித்தேன்.

அதிலும் நந்தியாவட்டை.

இரண்டிலும் ஒரே பூ! தெய்வத்தின் முன்னால்! நான் அதை இருந்தபடியே கட்டி வைத்துவிட்டு வந்தேன். இன்று வரை அவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. எனக்கு அதை நினைத்தால்தான் ஆறவில்லை. தனக்கு வேண்டிய விடை வரும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு, பிறகு போய்க் கேள்வி கேட்கிற ஒருவரோடு நான் இத்தனை ஆண்டு வாழ்ந்திருக்கிறேன்! கேட்கிறவர் திறந்த மனத்தோடு அல்லவா கேட்க வேண்டும்? எந்த விடை வந்தாலும் ஏற்றுக்கொள்ள அல்லவா வேண்டும்?

அதனால்தான், "பூவெல்லாம் இருக்கட்டும்; மூன்றாவதாக ஒரு பொறியாளர் பார்க்க வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றேன். "சரி, இதுதான் கடைசி. அவங்க சொல்றதுதான் முடிவு. வேணாம்னா வேணாம்" என்று சொல்லிவிட்டார். நானும் ஒப்புக்கொண்டேன். ஆகவே இந்த வீடு வேண்டுமா வேண்டாமா என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. நிதானமாகப் பாருங்கள். எதையும் விட்டுவிடாதீர்கள். காரைக்கால் வீட்டைப் பார்த்தது போலவே பாருங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் வரிசையில் வருவதால் சொல்கிறேன்.

கோவிலிலிருந்து திரும்புகிற வழியில் பத்திர எழுத்தர் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். சும்மா விசாரிக்க. "யார் பேர்ல எழுதணும்?" என்று எழுத்தர் கேட்டார். இவர் உடனே, "மரகதவல்லி. அவ பேரு மட்டும் போதும்" என்றார்.

"ஒங்க பேரையும் சேத்துக்கலாமேண்ணே?"

"எதுக்கு? பின்னால அவளுக்கு அலைச்சல் இருக்கக் கூடாது பாருங்க."

பின்னால். எதற்குப் பின்னால்? நான் கேட்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் பெயரை அந்த எழுத்தருக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். துறையூர் வீடு அவர் பெயரில். மின்னிணைப்பு அவர் பெயரில். எரிவாயு, குடிநீர், வங்கியில் இருக்கிற பெட்டகம், எல்லாம் அவர் பெயரில். இது மட்டும் என் பெயரில். ஒழுங்குக்கு முரணாக இல்லையா? அன்று வீட்டுக்குப் போய் எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

சரி. நீங்கள் எழுந்துவிட்டீர்கள். தட்டுங்கள் அம்மா.

இந்த ஓசை எப்படி? கல்லைத் தட்டியது போல் கேட்கிறதே, அது நல்லதா? நல்லதா. அந்த மூலை? அதுவும் நல்லதா? இன்னொருமுறை தட்டுங்கள், நாள்பட்ட சுவர், ஏமாற்றும். உத்தரத்தில் திருப்புளியைக் குத்திப் பார்க்கிறீர்களே, உள்ளே போகிறதா? போகவில்லையா. சற்று அழுத்திக் குத்துங்கள். அப்போதும் போகவில்லையா. கறை பழைய ஒழுகலா, இப்போது காய்ந்துவிட்டதா. அப்படியா. அவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

கிழக்கறைக்குப் போகிறீர்களா? போய்வாருங்கள். நான் இங்கிருந்தே கேட்டுக்கொள்கிறேன். கதவைச் சற்று ஒருக்களித்து வைத்துவிட்டுப் போங்கள்.

கேட்கிறது. இது வேறு ஓசை, இல்லையா? பானையைத் தட்டுவது போல. அங்கேதான் அம்மா, அங்கேதான். இன்னும் சற்று அழுத்தி...

ஜெசிந்தா! அம்மா! ஐயோ, என்ன விழுந்தது? எங்கே இருக்கிறீர்கள்? நகருங்கள், இந்தப் பக்கம் வாருங்கள், என் கையைப் பிடியுங்கள்! தலையில் பட்டதா? தோளில்? ஒன்றும் இல்லையே? உண்மையாகச் சொல்லுங்கள், ஒன்றும் இல்லையே? நான்தான் அழுத்தித் தட்டச் சொன்னேன். இவ்வளவு பெரிய பாளம்! முறம் அகலத்துக்கு இருக்கிறதே. இதுவா கம்பி? இதுவா? அடை அடையாக உதிர்கிறதே. பாருங்கள், நான் சொன்னேன் அல்லவா! மேலே எவ்வளவு வெள்ளையாக இருந்தது!

நான் எப்படி இந்த அறைக்குள் வந்தேன்? தெரியவில்லை. கதவைத் தாண்டியது நினைவில்லை.

போதும், எழுதிவிடுங்கள். வாங்க வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

என்ன? இந்த அறையை மட்டும் இடித்தால் போதுமா? மற்றதெல்லாம் உறுதியாக இருக்கிறது என்கிறீர்களா? நீங்களுமா அம்மா! மூன்று பேரும் சேர்ந்து பேசி வைத்துக்கொண்டது போல ஒரே சொல்லைச் சொல்கிறீர்களே. சுவர் சரி, உத்தரம் சரி, அடித்தளம் சரி என்றால் இனி நான் எதைக் கேட்பது? கேட்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

கடல் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளக்க வேண்டுமா? அதுதான் கடைசியா? அதன் பிறகு சொல்லிவிடுவீர்கள். சரி. அளந்துவிடுங்கள். உங்களோடு துணைக்கு வருகிறவர் இன்று வரவில்லையா? அளவு நாடாவின் நுனியை அந்த வடகிழக்குக் கல்லில் வைத்து ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டுமா? என் கணவர் வந்து... இல்லை, வேண்டாம். அவர் மணலில் நடக்கக் கூடாது. மணலில் நடந்தால் மூச்சு வாங்கும். அஞ்சலாட்சி சந்தைக்குப் போயிருக்கிறாள்.

கொடுங்கள். கொடுங்கள் அம்மா, அந்த நுனியை. இந்தக் கொக்கியைக் கல்லில் மாட்ட வேண்டும், அவ்வளவுதானே? நீங்கள் சுவரை ஒட்டியே நில்லுங்கள். நான் போகப் போக நாடாவை விட்டுக்கொண்டே இருங்கள். என்னைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நான் பேசிக்கொண்டே போகிறேன். பேச்சு நின்றால் மட்டும் ஓடி வாருங்கள்.

மணல் சுடுகிறது. கேட்கிறதா? மணல் சுடுகிறது என்றேன்! இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இது என்ன செடி, காலில் சுற்றுகிறது? ஊதாப் பூ பூத்திருக்கிறது. இங்கிருந்து மணல் ஈரம். கால் புதைகிறது. கல் எங்கே? அதுவா? கயிறு கட்டியிருக்கிறதே, அதுவேதான். அதைத் தண்ணீர் தொடுகிறதே அம்மா! தொட்டுவிட்டுப் போகிறது. இப்போது வைகாசி, கடல் நல்ல பிள்ளையாக இருக்கிற மாதம் என்று அஞ்சலாட்சி சொன்னாள். நல்ல பிள்ளையாக இருக்கும்போதே இங்கே வந்து தொடுகிறது!

குனிகிறேன். என் கை நடுங்குகிறது. வெயில் இல்லை, பயம்தான். சொல்லிவிட்டேன், போங்கள். மாட்டிவிட்டேன். இழுங்கள்! வருகிறது, வருகிறது, காலுக்குக் கீழே மணல் ஓடுகிறது, என்னைச் சாய்க்கப் பார்க்கிறது... இல்லை. விடவில்லை. கல்லைப் பிடித்திருக்கிறேன். எவ்வளவு? சத்தமாகச் சொல்லுங்கள்! பழைய பத்திரத்தில் இருக்கிற அளவும் இதுவும் ஒன்றுதானா? அப்படியென்றால் கல் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. வந்தது கடல்தான்.

வாசலில் யார், அவரா? வந்துவிட்டாரா? என்ன சொல்கிறார்? எனக்குக் கேட்கவில்லை. 'மரகதம், நீயா தண்ணியில நிக்கற' என்கிறாரா? சிரிக்கிறாரா? சிரிக்கட்டும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். குறை ஒன்று: கிழக்கறை. இடிக்க வேண்டும். குறை இரண்டு, இதை அவர் காதில் விழும்படி உரக்கப் படியுங்கள். பத்திரத்தில் ஒரு பெயர் மட்டும் இருப்பது. இந்த வீடு ஒருவர் தனியாக இருப்பதற்குத் தகுதியானது இல்லை. இரண்டு பெயரும் எழுதாமல் இதை வாங்கக் கூடாது.

அதெல்லாம் பொறியாளர் எழுதுவதில்லையா? எழுதுங்கள்! வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் என்றுதானே உங்களை அழைத்தேன்!

என்ன சொல்கிறார்? 'போட்டுக்கலாம், நீ மொதல்ல மேல வா' என்கிறாரா? வர மாட்டேன். முதலில் அவர் சொல்லட்டும். இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூவை வைத்துக் கட்டியவர் சொல்லை நான் எப்படி நம்புவது என்று கேளுங்கள். ஆமாம், பிரித்துப் பார்த்தேன்! அன்றைக்கே பிரித்துப் பார்த்தேன்! அதையும் சொல்லுங்கள்!

இப்போது சிரிப்பு நின்றுவிட்டதா? இளநீரைக் கீழே வைத்துவிட்டாரே. செருப்பைக் கழற்றுகிறார். எதற்குச் செருப்பைக் கழற்றுகிறார்? வேண்டாம்! அங்கேயே நில்லுங்கள்! மணலில் நடக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? ஜெசிந்தா அம்மா, நிறுத்துங்கள் அவரை! நான் வந்துவிடுகிறேன், கொக்கியை எடுக்கிறேன், எடுக்க வரவில்லை, மணலில் சிக்கிக்கொண்டது, அடுத்தது வருகிறது...

வருகிறாரே. சொன்னால் கேட்க மாட்டார். பெயரை எழுதுகிறேன் என்று சொன்னாரா? இரண்டும் என்றாரா? அப்படியா சொன்னார்? நாடா தொய்கிறது அம்மா, இழுத்துப் பிடியுங்கள். நான் கல்லை விடவில்லை. அவரை மெதுவாக வரச் சொல்லுங்கள். ஓட வேண்டாம் என்று சொல்லுங்கள். மூச்சு வாங்கினால் அந்த ஊதாப் பூ பக்கத்தில் சற்று நின்றுவிட்டு வரச் சொல்லுங்கள்.

மெதுவாக. நான் இங்கேதான் நிற்கிறேன்.